நான் அழித்த ஞாயிற்றுக்கிழமை

தம்பி அருளுக்கு,

புத்தூர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். நீ எடுத்ததும் "சொல்லுங்கப்பா, டேப் கிடைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்கிறாய். நான் "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை, மழை, மாடிக் குழாய் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரது மாமாவுக்கு எண்பது வயது நிறைகிறது என்று தில்லை நகர் மண்டபத்தில் விழா எடுக்கிறாய். அதில் அவருடைய பழைய வானொலி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும், அதுவும் ஆறு வயதில் நீ கலந்துகொண்ட நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது உன் ஆசை. "நீங்கதானப்பா ரேடியோ ஸ்டேஷன் டேப் லைப்ரரியில இருந்தீங்க, உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றாய். சரிதான், என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த டேப் இப்போது இல்லை. அழித்தவன் நான். கைதவறி அழிக்கவில்லை, வேண்டுமென்றே அழித்தேன்.

இதை எழுதிவிட்டேன், இனி மற்றதை எழுதுவது சுலபம். எனக்கு வரது மேல் பொறாமை. "இருந்தது" என்று எழுதலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. எழுபத்தாறு வயதில் இன்னும் இருக்கிறது. போன மாதம் உன் பியானோ வாசிப்பைப் பற்றி நீ யூடியூப்பில் கொடுத்த பேட்டியை எதிர்வீட்டுக்காரர் ஆசையாகத் தன் போனில் கொண்டுவந்து காட்டினார். "எனக்கு ரெண்டு அப்பா. ஒருத்தர் பெத்தவர், இன்னொருத்தர் வரது மாமா" என்று சொல்லியிருந்தாய். "பாருங்க சார், பையன் எப்படிப் பேசுறான்!" என்று அவர் பூரித்துப் போனார். நானும் சிரித்து வைத்தேன். பெற்றவர் என்று என்னை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அவரைப் பற்றி ஏழு நிமிடம் பேசினாய். நான் கடிகாரம் பார்த்தேன். தொழில் பழக்கம், போகவில்லை. அன்று காலை இரண்டாவது இட்லி உள்ளே இறங்கவில்லை.

விழாவில் அவரைப் பற்றிச் சொல்ல உன்னிடம் நிறைய இருக்கும். ஆனாலும் அவருடைய கதை உனக்கு நடுவிலிருந்துதான் தெரியும், எனக்கு ஆரம்பத்திலிருந்து தெரியும். பிடிக்காத ஆளைப் பற்றித்தான் நாம் விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்தவர். அவர் அப்பா கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தார். படிக்கப் போட்ட இடமோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், நம்முடைய சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே பெரிய ஹாலில் ஒரு பியானோ. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வயதான ஃபாதர் அதை வாசிப்பார். இந்தப் பையன் தயிர்சாத டப்பாவைத் திறக்காமல் வாசலில் நின்று கேட்பானாம். ஒரு நாள் ஃபாதர் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அவர் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: வாசித்துக்கொள், ஆனால் பாலம் தாண்டி வந்ததும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். ஆறு வருஷம் அந்தப் பையன் சாயங்காலம் ஈரத் தலையோடுதான் வீட்டுக்குள் போனான். காய்ச்சல் வந்த நாளில்கூட முழுக்கை விடவில்லை, பியானோவையும் விடவில்லை. எனக்கு எதன் மேலும் அப்படி ஒரு பிடிப்பு இருந்ததில்லை. முதல் பொறாமை அதில்தான்.

வானொலி நிலையத்தில் அவரை எதற்கு எடுத்தார்கள் தெரியுமா? ஓட்டை அடைக்க. நேரடியாகப் பேச வருகிறவர் பஸ் கிடைக்காமல் தாமதமாவார். பதிவு செய்த உரை இரண்டு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். வானொலியில் சத்தம் இல்லாமல் போவதைப் போலக் குற்றம் வேறு கிடையாது. ஐந்து நொடி அமைதி என்றால் மேலே இருந்து விளக்கம் கேட்பார்கள். அதனால் ஸ்டூடியோ மூலையில் பியானோ முன்னால் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். விளக்கு எரிந்தால் வாசிக்க வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். மற்றவர்களாக இருந்தால் ஏதோ ஒரு மெட்டை உருட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் பேச்சாளர் வந்து சேருகிற வழியை வாசித்தார். "ஐயா இப்போ பாலக்கரையில நிக்கறார்" என்பார், கட்டைகளில் பஸ் ஹாரன் கேட்கும். "கண்டக்டர் சில்லறை கேக்கறார்" என்பார், மேல் ஸ்தாயியில் சில்லறை கொட்டும். பேச்சாளர் வராமலே இருந்தால் தேவலை என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். ஓட்டை அடைக்க வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் கொடுத்தார்கள். அதுதான் "வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டை". அதற்குப் பிறகு பள்ளி ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் கூட்டம், கல்யாண வரவேற்பு எல்லாவற்றுக்கும் வரதுதான் வேண்டும். கடைத்தெருவில் அவர் நடந்தால் முகம் தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டுத் திரும்புவார்கள்.

அந்தச் சமயம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டேப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "லைப்ரரி" என்பார். "என்ன லைப்ரரி, சௌக்கியமா?" அன்பாகத்தான் சொல்வார், அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "இன்னிக்கு வரது சார் என்ன செஞ்சாரு?" என்று கேட்பாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கமாட்டாள், கேட்டாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவள் சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். மனசு விட்டுச் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. சமையலறையில் நின்றுகொண்டு அவர் சொன்ன அதே ஜோக்கை நான் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ம்" என்றாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து தங்கள் வீட்டில் கேட்கும் ஒரு சத்தத்தைச் சொல்ல வேண்டும், மாமா அதைப் பியானோவில் வாசித்துக் காட்டுவார். குக்கர் விசில், ஆட்டுக்குட்டி, தாத்தாவின் தும்மல், எதைச் சொன்னாலும் வாசிப்பார். ஒரு வியாழக்கிழமை பதிவுக்கு உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மற்ற அம்மாக்களோடு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பதிவு அறையில் நின்றேன். நீ நீலச் சட்டை போட்டிருந்தாய். "அருள் கண்ணா, உங்க வீட்ல என்ன சத்தம் கேக்கும்?" என்று கேட்டார். நீ யோசித்துவிட்டு, "எங்கப்பா வந்தா ஸ்கூட்டர் சத்தம் கேக்கும் மாமா" என்றாய். அவர் கீழ்க் கட்டைகளில் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார், அச்சு அசல் என் ஸ்கூட்டர். "அப்பா உள்ள வந்தாச்சு. அப்புறம்?" என்றார். நீ சொன்னாய்: "அப்புறம் ஒண்ணுமே கேக்காது மாமா. எங்கப்பா வந்தா எல்லாரும் சும்மா இருப்போம்."

அவர் இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து தூக்கிக்கொண்டார். தூக்கியபடியே வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வானொலியில் அப்படி ஒரு அமைதியை யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. பிறகு மெதுவாக, "இதான் அருளோட அப்பா" என்றார். ஸ்டூடியோவே சிரித்தது. முதலில் சிரித்தது உன் அம்மா.

வெட்டிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெட்டியிருப்பார்கள். அதைச் சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை கேன்டீனில் நான் நுழைந்ததும் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள், அப்புறம் வெடித்துச் சிரித்தார்கள். ஒரு மாதம் போன இடமெல்லாம் அதே கதைதான். எடமலைப்பட்டி புதூரில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போனால் அவரும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாயில் விரல் வைக்கச் சொல்கிறார். நான் கெட்டவன் இல்லை, தம்பி. பகல் முழுக்க காதில் ஹெட்போன் மாட்டி டேப் கேட்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்காக ரேடியோவை அணைக்கச் சொன்னேன், உன் விளையாட்டை நிறுத்தச் சொன்னேன், ஒரு தடவை உன் மவுத் ஆர்கனைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தேன். அதெல்லாம் சேர்ந்து என்னவாக இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதை வரது பியானோவில் வாசிக்காமல் வாசித்துக் காட்டிவிட்டார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் டேப்புக்குப் பஞ்சம். சில மாதங்களுக்கு ஒரு முறை பழைய டேப்புகளை அழித்து, அவற்றின் மேலேயே புதிதாகப் பதிவு செய்வோம். எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அந்த டப்பாவின் முதுகில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவோம். கோடு இல்லாதது அழிக்கப் போகும். பட்டியல் போடுவது நான், மேலே கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்க்கமாட்டார். ஒரு நாள் வரது என் மேஜைக்கு வந்து, "லைப்ரரி, நம்மளோடதுல ரெண்டு மூணு நல்லதா பாத்து வெச்சுடுங்கோ. கேக்கணும்னு இல்லை, இருக்குன்னு தெரிஞ்சா போறும்" என்றார். "அது என் பொறுப்புங்க" என்றேன். உன் டேப்பின் முதுகில் அன்றைக்கே கோடும் போட்டேன்.

பட்டியல் போடும் வாரம் வந்தபோது ரப்பர் எடுத்து அந்தக் கோட்டை அழித்தேன். பென்சில் கோடு முழுதாகப் போகாது, லேசாக ரோஜா நிறத்தில் ஒரு தடம் இருந்தது. அதன்மேல் புது லேபிளை ஒட்டினேன். அவருடைய மற்ற டப்பாக்கள் ஒன்றுக்கும் கோடு போடவில்லை. அழிப்பதற்கென்று ஒரு காந்தப் பெட்டி உண்டு. டேப்பை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதற்கு வேறு ஆள் இருந்தார். அன்று நானே செய்தேன். பிறகு சரிபார்க்க உன் டேப்பை ஓடவிட்டுக் கேட்டேன். வெறும் இரைச்சல். இப்போது நீயும் சும்மா இரு என்று வரதுவை நினைத்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நெல்லைத் தாக்கும் பூச்சிகள் பற்றிய உரை ஒன்று அதில் பதிவானது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். "அப்பா, என் டேப் பத்திரமா இருக்காப்பா?" என்று நீ கேட்டாய். "இருக்கு" என்றேன். அது முதல் பொய். முப்பத்தேழு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிவி வந்தது, அந்த நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், அவரும் வேலையை விட்டுவிட்டார். இனி தொலைந்தார் என்று நினைத்தேன். நீயோ பத்து வயதில் பியானோ கற்றுக்கொள்ள அவரிடமே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். வாரம் இரண்டு நாள் உன்னை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போய் வாசலில் செருப்புகளோடு செருப்பாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே நீ தப்பாக வாசித்தால் அவர் சிரிப்பார், நீயும் சிரிப்பாய். என்னிடம் தப்பு செய்தால் நீ பயந்தாய். திரும்பி வரும்போது பாலத்தில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து "மாமா என்ன சொன்னார் தெரியுமா" என்று ஆரம்பிப்பாய். காற்றில் கேட்கவில்லை என்று பாவனை செய்வேன். நன்றாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் மட்டும் இருந்தார், நீ வாங்கிக்கொடுத்த கீபோர்டை ஜன்னல் ஓரம் போட்டு வைத்திருக்கிறார். தலைமுடி இன்னும் பாதிக்கு மேல் கறுப்பு, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்கோ வாங்கோ லைப்ரரி! இந்த வெயில்ல எதுக்கு வந்தேள்? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். உட்காருவதற்குள், "அருள் சொன்னான், நம்ம டேப்பைப் போடப்போறானாமே! நீங்க வெச்சிருப்பேள்னு எனக்குத் தெரியும்" என்று கீபோர்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கீழ்க் கட்டைகளில் என் பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. பிறகு அந்த எண்பது வயதுக் கிழவரின் வாயிலிருந்து நீ பேசினாய். ஆறு வயதில், முன்பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகப் பேசுவாயே, அதே குரல். "அப்புறம் ஒண்ணுமே கேக்காது மாமா."

அருள், உன் சின்ன வயதுக் குரலை நான் மறந்துபோயிருந்தேன். அது மறந்துபோனது என்பதே அவர் பேசியபோதுதான் தெரிந்தது. பெற்றவன் தொலைத்ததை அவர் தொண்டைக்குள் வைத்திருக்கிறார். அந்த நிமிடம் வந்தது போல ஒரு பொறாமை ஆயுசில் எனக்கு வந்ததில்லை. "உங்க ஆத்துல அன்னிக்கு சிரிச்சாளே, அதைக் கேளுங்கோ" என்று உன் அம்மாவின் சிரிப்பையும் செய்து காட்டினார். சரியாக வரவில்லை. "இல்லைங்க. அவ முதல்ல மூக்கால ஒரு சத்தம் போட்டு அடக்கப் பார்ப்பா, அடக்க முடியாமத்தான் சிரிப்பா" என்றேன். "அப்படியா? தெரியாம போச்சே" என்றார். அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. அந்த ஒன்றுக்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த சந்தோஷத்தோடேயே சொல்லிவிட்டேன். டேப் இல்லை, நான்தான் அழித்தேன் என்று.

"எல்லாமா?" என்றார்.

"எல்லாம்தாங்க."

"உங்ககிட்ட வந்து கேட்டேனே."

"கேட்டீங்க."

கீபோர்டு மேல் துணியை இழுத்து மூடினார். மடிப்புகளை நீவி நீவிச் சரிசெய்தார். "அப்போ அந்தக் குழந்தை குரலும் போயிடுத்தா? என் வாசிப்பு போனா நான் திரும்ப வாசிச்சுப்பேன். அதை யார் திரும்பத் தருவா? உங்களுக்கு என்ன சார் வந்தது அன்னிக்கு?" என்றார். முதல் தடவையாக என்னை "சார்" என்றார், அது "லைப்ரரி"யைவிட மோசமாக இருந்தது. "பொறாமைங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "கிளம்புங்கோ" என்றார்.

வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினேன், இன்னொன்றை மாட்ட முடியவில்லை. திரும்பப் போய் நின்று, "அருள் குரலை இன்னொரு தடவை பண்ணுங்க. போன்ல எடுத்துக்கறேன்" என்று கேட்டேன். அவர் கீபோர்டு பக்கம் திரும்பினார். பிறகு துணியை எடுத்தார். "ஃபேனை நிறுத்துங்கோ, சத்தம் விழும்" என்றார். நான் ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், துண்டை மடித்து அதன்மேல் போனை வைத்தேன். அவர் தலையசைத்ததும் பொத்தானை அழுத்தினேன். அத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்து அவருக்காக நான் ஒழுங்காகச் செய்த பதிவு இது ஒன்றுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "சிவப்புப் பென்சில் இருக்கோ ஆத்துல?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து, அந்தப் பதிவோடு சேர்த்து இன்றைக்கே உனக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். பழைய டேப் ஏன் இல்லை என்று மேடையில் சொல்ல வேண்டுமானால் என் பெயரைச் சொல்லியே சொல், நான் மண்டபத்தில்தான் இருப்பேன். வர வேண்டாம் என்றால் அதையும் போனில் நேராகச் சொல்லிவிடு. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் மகள் நிலாவுக்கு இப்போது அதே ஆறு வயது. நீ வீட்டுக்குள் வந்தால் என்ன சத்தம் கேட்கும் என்று அவளிடம் கேள். என்ன பதில் வந்தாலும் கோபப்படாதே. நாளைக்கு அவள் வேறு யாரையாவது அப்பா மாதிரி என்றால் உனக்கும் எரியும். எரிந்தால் எரியட்டும், கையை மட்டும் சும்மா வைத்துக்கொள்.

பதிவைக் கேட்கும்போது ஹெட்போன் போட்டுக் கேள். ஸ்கூட்டர் வரும். நீ பேசுவாய். அப்புறம் அவர் அன்றைக்குப் போலவே கையைத் தூக்கிக்கொள்வார், ஐந்து நொடி எதுவும் இருக்காது. கூர்ந்து கேட்டால் மூன்றாவது நொடியில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கும். அவர் அதை வெட்டிவிடலாமா என்று கேட்டார், நான்தான் இருக்கட்டும் என்றேன்.

அது நான்தான், தம்பி.

அப்பா